நண்பகலில் தொங்கும் மல்லிச்செடி: தண்ணீர் விடலாமா? இலைத்துளை பற்றி யாராவது சொல்லுங்கள்

கரிசல்காட்டான் (திருமங்கலம் பக்கம்) | ஏப்ரல் 24, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். நாற்பது சென்ட் மல்லி, மூன்றாவது வருசச் செடி. பங்குனி கடைசியிலிருந்து ஒரே குழப்பம். விடிகாலையில் பூ எடுக்கும்போது செடி ஜம்மென்று நிற்கிறது. பதினோரு மணிக்கு மேல் கொழுந்து தொங்க ஆரம்பிக்கும். ஒரு மணிக்கு வரப்பில் நின்று பார்த்தால் துவைத்த துணியைச் செடி செடியாகப் போட்ட மாதிரி இருக்கிறது. மனசு கேட்காமல் மோட்டாரைப் போட்டுவிடுகிறேன். எங்கள் பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்டும் பகலில்தான் வருகிறது. ஐந்து மணிக்குச் செடி நிமிர்ந்துவிடும்.

இப்படி இரண்டு வாரமாகத் தினமும் உச்சி வெயிலில் பாய்ச்சுகிறேன். வாடுவது நிற்கவில்லை. போதாக்குறைக்கு அடி இலை மஞ்சளாகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, "மத்தியானம் தண்ணி விட்டா வேர் வெந்துரும்டா" என்கிறார். உரக்கடையில் கேட்டால், "பொட்டாஷ் தெளிங்க, இலையில இருக்கிற ஓட்டை திறக்கும்" என்கிறார்கள். எந்த ஓட்டை? அது எதற்குத் திறக்க வேண்டும்?

தாவரவியல் வாத்தியார் (மதுரை, பணி ஓய்வு) | ஏப்ரல் 24, இரவு 9:25

தம்பி, பதில் சொல்லும் முன் ஒரு கேள்வி. தண்ணீர் விடாத நாளில் ஐந்து மணிக்குச் செடி நிமிர்ந்ததா இல்லையா?

கரிசல்காட்டான் | ஏப்ரல் 24, இரவு 9:31

நடுவில் ஒரு நாள் கரண்ட் இல்லை ஐயா. அன்றைக்கும் நிமிர்ந்தது.

தாவரவியல் வாத்தியார் | ஏப்ரல் 24, இரவு 10:10

அப்படியென்றால் இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மாலையில் செடியை நிமிர்த்தியது உங்கள் மோட்டார் இல்லை. வெயில் இறங்கியதுதான்.

ஓட்டை விஷயத்துக்கு வருகிறேன். அதன் பெயர் இலைத்துளை. இலங்கைப் பாடநூல்களில் 'இலைவாய்' என்பார்கள், எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். இலையின் தோலில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் இரண்டு காப்புச் செல்கள். இரண்டு மொச்சைக் கொட்டைகளை எதிரெதிரே வைத்தால் நடுவில் ஒரு சந்து தெரியுமே, அதுதான் துளை. அந்தச் செல்களில் தண்ணீர் ஏறி விறைத்தால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து சந்து அகலும். தண்ணீர் இறங்கினால் தொய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஏன் விறைக்கும்போது வளைகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீளமான இரண்டு பலூன்களை நுனியில் சேர்த்துக் கட்டி, உட்பக்கம் மட்டும் செல்லோடேப் ஒட்டி ஊதச் சொல்வேன். டேப் ஒட்டிய பக்கம் நீள முடியாது, அதனால் வில்லாக வளையும். காப்புச் செல்லிலும் துளையை ஒட்டிய சுவர் தடிப்பு. அதோடு செல்லைச் சுற்றிப் பீப்பாய்க்குப் பட்டை போட்டது போல நார்கள் இருக்கும். அதனால் செல் பருக்க முடியாது, நீளத்தான் முடியும்.

திறக்க வேண்டிய காரணம் சாப்பாடு. கார்பன் டை ஆக்சைடு அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகத்தான் போகிறது, அதில் மிகப் பெரும்பகுதி இந்தத் துளைகள் வழியாக. இத்தனைக்கும் துளைகள் எல்லாம் திறந்திருக்கும்போதும் அவற்றின் மொத்தப் பரப்பு இலைப் பரப்பில் ஒன்றிரண்டு விழுக்காடுதான்.

உங்கள் செடி மத்தியானம் வாடுவது, வேர் கொடுப்பதை விட இலை விடுவது அதிகம் என்பதால். மண்ணில் தண்ணீர் இருந்தாலும் குழாய் வழியாக மேலே ஏறும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பூசணிக் கொடியும் சுரைக் கொடியும் மத்தியானம் குடை மடக்கியது போல் தொங்கி, சாயங்காலம் எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே.

சந்தேகச்சாமி (உசிலம்பட்டி) | ஏப்ரல் 25, காலை 6:50

ஐயா சொன்னதில் ஒரு இடம் உதைக்கிறது. வெளிச்சம் பட்டால் துளை திறக்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சித்திரை மாதம் ஒரு மணிக்கு இருக்கிற வெளிச்சத்துக்கு அது ஆவென்று திறந்து கிடக்க வேண்டாமா? ஆனால் வாடின செடி மூடிக்கொள்ளும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ஆய்வகக்குருவி (தாவர உடலியல் ஆராய்ச்சி மாணவி, மதுரை) | ஏப்ரல் 25, காலை 9:15

இரண்டும் சரிதான் அண்ணா. துளையின் கைப்பிடியை ஒரே ஆள் பிடித்திருக்கவில்லை. வெளிச்சம் திறக்கச் சொல்லும், காற்றின் வறட்சி மூடச் சொல்லும், இலைக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அளவு ஒரு பக்கம் இழுக்கும், செடியின் நீர் நிலைமை இன்னொரு பக்கம். துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பது இந்த இழுபறியின் முடிவு. காலையில் வெளிச்சத்தின் கை ஓங்கும். ஒரு மணிக்கு வறண்ட காற்றின் கை ஓங்கும்.

வெளிச்சத்திலும் இரண்டு வகை வேலை நடக்கிறது. சிவப்பு ஒளி ஒளிச்சேர்க்கையை ஓட்டும். இலைக்குள் கார்பன் டை ஆக்சைடு குறையும், குறைந்தால் துளை திறக்கும். இது சுற்று வழி. நீல ஒளி நேராகக் காப்புச் செல்லிடமே பேசுகிறது. அந்தச் செல்களில் போட்டோட்ரோபின் என்ற புரதம் இருக்கிறது. அதுதான் நீல ஒளியை உணர்ந்து துளையைத் திறக்கச் செய்கிறது என்பதை 2001-ல் கினோஷிடா, ஷிமசாகி முதலான ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நீலம் பட்டதும் செல் சவ்வில் இருக்கும் பம்பு ஓடத் தொடங்கும். அது ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளும். அதனால் செல்லின் உட்பக்கம் எதிர்மின் ஏறி, பொட்டாசியம் உள்ளே இழுக்கப்படும். உப்பு சேர்ந்தால் தண்ணீர் பின்னாலேயே வரும். மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விடுமே, அதே விதி, இங்கே உப்பு உட்பக்கம் இருக்கிறது. செல் விறைக்கும், துளை திறக்கும்.

உரக்கடைக்காரர் பொட்டாஷ் பற்றிச் சொன்னது இங்கிருந்து வந்த பாதி உண்மை.

சந்தேகச்சாமி | ஏப்ரல் 25, காலை 9:40

பாதி உண்மைதான் ஆபத்து. பொட்டாஷ் துளையைத் திறக்கும் என்றால், வறட்சியில் அதைத் தெளிப்பது இருக்கிற தண்ணீரையும் ஓட விடுவதாகாதா? ஆனால் வறட்சிக்குப் பொட்டாசியம் குளோரைடு ஒரு சதக் கரைசல் தெளிக்கச் சொல்லி வேளாண் துறையே பரிந்துரைக்கிறது. பருத்தியில் நானே தெளித்திருக்கிறேன்.

ஆய்வகக்குருவி | ஏப்ரல் 25, காலை 11:05

அருமையான கேள்வி. பொட்டாசியம் சாவி இல்லை, கீலுக்கு விடும் எண்ணெய். திறக்கும்போது உள்ளே போகிறது, மூடும்போது வெளியே வருகிறது. பற்றாக்குறை இருந்தால் துளை காலையில் சோம்பலாகத் திறக்கும், வறட்சி வந்தால் சோம்பலாக மூடும். இரண்டிலும் நஷ்டம். போதுமான பொட்டாசியம் இருக்கிற செடியில் நீங்கள் மேலே தெளித்ததால் துளை பப்பரப்பா என்று திறந்துகொள்ளாது. எப்போது திறப்பது என்ற முடிவைச் செடி தன் கையில் வைத்திருக்கிறது.

மூடும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செடிக்கு நீர் தட்டினால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரக்கும். அது காப்புச் செல்லுக்கு வந்ததும் எதிர்மின் அயனிகள் வெளியேறும் வாசல்கள் திறக்கும், பொட்டாசியமும் பின்னாலேயே கிளம்பும், தண்ணீர் இறங்கும், துளை மூடும். சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். நீங்கள் பருத்திக்காரர் என்பதால் ஒரு செய்தி: இந்தப் பொருளை 1960-களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவரான அடிகாட்டின் குழு அதைக் கண்டது உதிரும் பருத்திக் காய்களில்தான். காய் உதிர்வதற்கு அதுதான் காரணம் என்று நினைத்து, 'உதிர்தல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அப்படிப் பெயர் வைத்தார்கள். அதன் பெரிய வேலை துளையை மூடுவது என்பது பிறகு தெரிந்தது.

தாவரவியல் வாத்தியார் | ஏப்ரல் 25, மதியம் 12:20

மகளே, ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் படித்த காலத்தில், காப்புச் செல்லில் இருக்கும் மாவுச்சத்து பகலில் சர்க்கரையாக மாறுகிறது, அதனால் தண்ணீர் உள்ளே போகிறது என்றுதான் பாடம். வேலைக்குச் சேர்ந்து பல வருடம் அதையே சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் பாடநூல் மாறியது, பொட்டாசியம் வந்தது. ஜப்பானில் இமாமுரா என்பவர் 1943-லேயே பொட்டாசியத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், உலகம் கவனிக்க அறுபதுகளின் கடைசி ஆயிற்று. அத்தனை பிள்ளைகளுக்கும் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு ஒரு உறுத்தல் இன்னமும் உண்டு.

ஆய்வகக்குருவி | ஏப்ரல் 25, மதியம் 12:45

உறுத்தலை விடுங்கள் ஐயா, மாவுச்சத்து திரும்பி வந்துவிட்டது! கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸ் செடியில் 2016-ல் வந்த ஆய்வு ஒன்று, விடிந்ததும் நீல ஒளி பட்டவுடன் காப்புச் செல்லின் மாவுச்சத்து கரைகிறது, அது கரையாவிட்டால் துளை சரியாகத் திறப்பதில்லை என்று காட்டியது. பொட்டாசியம் பெரிய கை, மாவுச்சத்து துணைக் கை. நீங்கள் சொன்னது முழுத் தப்பு இல்லை. ஆனால் வெங்காயத்தின் காப்புச் செல்லில் மாவுச்சத்தே கிடையாது, அதுவும் திறந்து மூடத்தான் செய்கிறது. ஒரே விதியை எல்லாச் செடிக்கும் போட முடியாது.

தாவரவியல் வாத்தியார் | ஏப்ரல் 25, மதியம் 12:52

இன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ருசிக்கும்.

கொடிக்கால்காரர் (சோழவந்தான்) | ஏப்ரல் 25, இரவு 7:30

நான் படித்தது எட்டாவது. ஆனால் நீங்கள் பேசுவது எங்கள் கொடிக்காலில் கண்ணால் பார்க்கிற விஷயம் மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வெற்றிலைக்கு அகத்தி நட்டு, அது தலை தூக்கிய பிறகுதான் கொடி ஏற்றுவோம். சித்திரை வெயிலில் வெளியே மண் கொப்பளிக்கும், உள்ளே குனிந்து நுழைந்தால் முகத்தில் ஈரம் வந்து ஒட்டும். அகத்தி இலை வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழும். மேற்கு ஓரத்துக் கொடிதான் எப்போதும் தொல்லை. ஆடிக் காற்று வந்தால் அந்த ஓரம் முதலில் சுருங்கும். மண் நனைந்துதான் இருக்கும், ஆனாலும் சுருங்கும். அதனால் மேல் ஓரத்தில் தென்னங்கீற்று கட்டுவோம். கட்டிய நாலு நாளில் இலை தெளிந்துவிடும். தண்ணீர் கூட்டியதே இல்லை. எங்கள் அப்பா சொல்வார், "கொடிக்குத் தண்ணியை வேர்ல மட்டும் விட்டாப் பத்தாதுடா, காத்துலயும் விடணும்."

ஆய்வகக்குருவி | ஏப்ரல் 25, இரவு 8:15

அண்ணே, நாங்கள் வகுப்பில் அரை மணி நேரம் எடுத்துச் சொல்கிற விஷயம் உங்கள் அப்பாவின் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இலைக்குள் காற்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வெளியே காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரம் வெளியே இழுக்கப்படும். அந்த வித்தியாசம் கூடக் கூடச் செடிகள் துளையைச் சுருக்கிக்கொள்கின்றன, மண் நனைந்திருந்தாலும்கூட. கணக்குப் பாருங்கள். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு, வெப்பம் 28 டிகிரி என்றால் காற்றின் தாகம், அதாவது அந்த ஈர வித்தியாசம், ஏறக்குறைய 0.75 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 30, வெப்பம் 39 என்றால் அது 4.9 கிலோபாஸ்கல், கிட்டத்தட்ட ஆறரை மடங்கு. விடிகாலைக் காற்றும் சித்திரை மத்தியானக் காற்றும் ஒரே தோட்டத்தில் இவ்வளவு வேறுபடும்.

காற்று வீசினால் இன்னும் மோசம். இலையை ஒட்டி ஒரு மெல்லிய ஈரக் காற்றுப் படலம் போர்வை மாதிரி இருக்கும். ஆடிக் காற்று அந்தப் போர்வையை உருவிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கி வருகிறது, அம்மியைப் பறக்க விடுகிறதோ இல்லையோ, இலையைக் காய வைக்கும். நீங்கள் கட்டிய கீற்று அந்தப் போர்வையை இழுத்துப் போர்த்தியது.

காசு காசாக விழும் வெயிலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பொட்டு ஒரு இலை மேல் நின்று நகர்வதற்குள் துளை முழுதாகத் திறக்க நேரம் போதாது, பல செடிகளுக்குப் பத்து இருபது நிமிடம், அதற்கு மேலும் ஆகும். ஆனால் நிழலிலும் கொஞ்சம் வெளிச்சமும் ஈரக் காற்றும் இருப்பதால் கொடிக்காலில் துளை அரைகுறையாகத் திறந்தே நிற்க முடியும். பொட்டு வெயில் வந்ததும் வெற்றிலை அதைப் பிடித்துக்கொள்கிறது.

கொடிக்கால்காரர் | ஏப்ரல் 25, இரவு 8:50

பறித்த வெற்றிலையைக் கவுளி கட்டி வாழை மட்டையில் வைத்து இருட்டில் வைக்கிறோமே, அதுவும் இதுதானா?

ஆய்வகக்குருவி | ஏப்ரல் 25, இரவு 8:58

அதுவும் இதுதான் அண்ணே. இருட்டில் துளை மூடும், மட்டை ஈரம் காக்கும்.

மாடித்தோட்டம் அக்கா (மதுரை) | ஏப்ரல் 26, காலை 7:05

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரண்டு கேள்வி. ஒன்று, என் மாடியில் 50 சதப் பச்சை வலை போட்டிருக்கிறேன். நீல ஒளிதான் துளையைத் திறக்கும் என்றால் பச்சை வலை அதைத் தடுக்காதா? இரண்டு, இலைவழி உரம் காலையில் தெளிக்கச் சொல்கிறார்கள், அப்போதுதான் துளை திறந்திருக்கும், மருந்து உள்ளே போகும் என்று. சரியா?

தாவரவியல் வாத்தியார் | ஏப்ரல் 26, காலை 8:30

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வலையில் இருப்பது இடைவெளி. அதன் வழியே வருவது மாறாத வெயில், எல்லா நிறமும் அதில் உண்டு. இழையில் பட்டுச் சிதறுவதுதான் பச்சை. மதுரை வெயிலில் பாதியை மறைத்தாலும் கீரைக்கும் கொத்தமல்லிக்கும் மிச்சம் தாராளம். வலை போட்டதில் பெரிய லாபம் இலை சூடாகாமல் இருப்பது. கவலைப்படாதீர்கள் அம்மா.

ஆய்வகக்குருவி | ஏப்ரல் 26, காலை 9:20

இரண்டாவது கேள்விக்கு: காலையில் தெளிப்பது சரி, சொல்லும் காரணம்தான் சரியில்லை. வெறும் தண்ணீர்த் துளி இலைத்துளைக்குள் சுலபமாக வழிந்து போகாது. துளை அவ்வளவு சிறியது, அதன் விளிம்பும் மெழுகு. நீரின் பரப்பு இழுவிசை துளியை மேலேயே உருண்டு நிற்க வைக்கும். போவதில் பெரும்பகுதி இலைத்தோலின் மெழுகுப் படலம் வழியாக ஊறித்தான் போகிறது. ஒட்டும் திரவம் சேர்க்கும்போது, அதிலும் சிலிக்கான் வகை சேர்த்தால், துளை வழியாகவும் கொஞ்சம் போகலாம். காலையில் தெளித்தால் துளி மெதுவாகக் காயும், ஊற நேரம் கிடைக்கும். மத்தியானம் தெளித்தால் நிமிடத்தில் காய்ந்து உப்பு இலை மேலேயே நின்று கருக்கிவிடும்.

சந்தேகச்சாமி | ஏப்ரல் 26, காலை 10:00

இந்த 'துளை வழியாக மருந்து போகிறது' கதையை நான் எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. சரி, எனக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வரும். மத்தியானம் துளை மூடுகிறது என்பதை வீட்டில் பார்க்க வழி உண்டா?

தாவரவியல் வாத்தியார் | ஏப்ரல் 26, காலை 10:40

உண்டு. நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பாட்டில் வாங்குங்கள். செடியில் இருக்கும் இலையின் அடிப்பக்கத்தில் விரல் நுனி அளவு மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் காய விடுங்கள். அதன் மேல் செல்லோடேப் ஒட்டி உரியுங்கள். அந்த அச்சைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் துளைகள் வரிசையாகத் தெரியும்.

நுண்ணோக்கி இல்லையென்றால் பழைய வாசலின் சோதனை. ஒரே அளவு மா இலைகள் நாலு. ஒன்றுக்கு மேல்பக்கம், ஒன்றுக்கு அடிப்பக்கம், ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வாசலின் தடவி, ஒன்றைச் சும்மா விட்டு, காம்பிலும் தடவி, நூலில் கட்டித் தொங்க விடுங்கள். மேல்பக்கம் தடவியது, சும்மா விட்டதோடு சேர்ந்து சருகாகும். மா இலைக்குத் துளை அடிப்பக்கத்தில்தான், அதனால் அடியில் தடவியது பச்சையாகவே இருக்கும். தாமரை இலைக்கு நேர்மாறு, அது தண்ணீரில் படுத்திருப்பதால் துளை மேலே.

இந்த ஆர்வம் பழையது. சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின், மெல்லிய கொம்புச் சீவல் ஈரத்தில் வளைவதைக் கொண்டு ஒரு கருவி செய்து, துளை திறப்பதையும் மூடுவதையும் மணிக்கணக்காகக் குறித்து 1898-ல் வெளியிட்டார். நம் ஊர் அரளியையும் ஒருநாள் பாருங்கள். அதன் துளைகள் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகளுக்குள், முடி மூடிய நிலையில் ஒளிந்திருக்கும். காற்றே தொட முடியாது. நாலுவழிச் சாலை நடுவில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலும் அது பூத்துக் குலுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தேகச்சாமி | ஏப்ரல் 28, இரவு 9:10

பார்த்துவிட்டேன். மகள் பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி, என் வீட்டு வாசல் மல்லி. காலை 7, காலை 10, மதியம் 1:30, மாலை 5. ஒவ்வொரு தடவையும் ஐந்து இலை.

7 மணி அச்சில் சந்து தெரிகிறது, ஆனால் ஒடுக்கம். 10 மணிக்குப் படகு மாதிரி நன்றாகத் திறந்திருக்கிறது, நடுவில் வெள்ளையாக வெளிச்சம் வருகிறது. 1:30 அச்சில் பெரும்பாலானவை வெறும் கோடு. ஐந்து மணிக்கு மறுபடியும் கொஞ்சம் சந்து, காலை அளவு இல்லை. மகள் 1:30 படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாம் தூங்குதுப்பா" என்றாள்.

ஆய்வகக்குருவி | ஏப்ரல் 28, இரவு 9:45

அட்டகாசம்! ஒரே எச்சரிக்கை. நகப்பூச்சு துளையின் வெளி உதட்டைத்தான் அச்செடுக்கும், உள்ளே மூடியிருந்தாலும் சில சமயம் திறந்தது போலக் காட்டும். அதனால் அகலத்தை அளந்து கணக்குப் போடாதீர்கள். ஆனால் நேரத்துக்கு நேரம் ஒப்பிட இது போதும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி வெப்பமானி வீட்டில் இருந்தால், அதில் பொருளின் வெப்பம் பார்க்கும் வசதியும் இருந்தால், இலையைச் சுட்டுப் பாருங்கள். துளை மூடினால் வேர்வை நிற்கும், இலை சுடும்.

மாடித்தோட்டம் அக்கா | ஏப்ரல் 29, காலை 6:30

இரவில் எல்லாச் செடியும் துளையை மூடிவிடும் என்றால், அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? பாம்புக்கற்றாழையைப் படுக்கையறையில் வைக்கச் சொல்கிறார்களே?

ஆய்வகக்குருவி | ஏப்ரல் 29, காலை 8:50

ஆக்சிஜன் வெளிச்சத்தில்தான் உருவாகும். இருட்டில் எந்த மரமும் தராது, அரசும் சரி வேம்பும் சரி.

பாம்புக்கற்றாழைக் கதைக்கு ஒரு வேர் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, ரயில் கற்றாழை மாதிரிச் செடிகள் நம் சந்தேகச்சாமி அண்ணன் பார்த்த அட்டவணையைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. பகலில் துளையை இறுக்கி மூடிவிட்டு, இரவில் காற்று குளிர்ந்த பிறகு திறக்கும். அப்போது உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சமைக்கும். இரவில் திறப்பதால் கார்பன் டை ஆக்சைடை வாங்குகிறது, அவ்வளவுதான். ஒரே அளவு கார்பனைப் பிடிக்க நெல் விடும் தண்ணீரில் ஒரு சின்னப் பங்கு போதும் இவற்றுக்கு. கரும்பும் சோளமும் இரண்டுக்கும் நடுவில். அவை பகலில்தான் திறக்கும், ஆனால் கொஞ்சமாகத் திறந்தே வேலையை முடித்துக்கொள்ளும்.

இந்தப் புளிப்பு விஷயத்தை நாவால் கண்டுபிடித்தவர் நம் பக்கத்து ஆள். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன், தோட்டத்தில் இருந்த ரணகள்ளி இலையைக் காலையில் மென்று பார்த்தார், புளித்தது. மத்தியானம் மென்றார், சுவையே இல்லை. அதைக் கடிதமாக எழுதினார், 1815-ல் லண்டனில் அச்சாயிற்று.

கரிசல்காட்டான் | மே 6, இரவு 8:20

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், எல்லோரும் மன்னிக்கவும்.

மத்தியானத் தண்ணீரை நிறுத்திவிட்டேன். முதல் இரண்டு நாள் ஒரு மணிக்குத் தோட்டப் பக்கமே போகவில்லை, போனால் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் விடிகாலை பூ எடுக்கும்போது ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தேன். உருண்டை பிடித்தால் கையில் களிமண்ணாக ஒட்டுகிறது! மேலே வெடிப்பு விட்டிருக்கிறது, அடியில் சேறு. வேரை முகர்ந்தால் ஒரு மாதிரி மக்கிய நாற்றம். இத்தனை நாள் நான் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை போலிருக்கிறது, மூச்சு முட்ட வைத்திருக்கிறேன்.

தாவரவியல் வாத்தியார் | மே 6, இரவு 8:55

அதுதான் தம்பி உங்கள் மஞ்சள் இலை. கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. வேருக்குக் காற்று இல்லாவிட்டால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் துளையை மூடும். பார்ப்பதற்கு வறட்சியில் வாடியது போலவே இருக்கும், நீங்கள் இன்னும் விடுவீர்கள், அது இன்னும் வாடும். பெரியப்பா சொன்ன 'வேர் வெந்துவிடும்' என்பதையும் தள்ளிவிடாதீர்கள். வெயிலில் கிடக்கும் பைப்பில் நிற்கிற தண்ணீர் முதல் இரண்டு நிமிடம் கொதிக்கத்தான் கொதிக்கிறது. அதை வெளியே விட்டுவிட்டுப் பாய்ச்சுங்கள்.

இனிமேல் செடியை மத்தியானம் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விடிகாலை பூ எடுக்கும்போது பாருங்கள். அப்போதும் கொழுந்து தொங்கினால்தான் அது நிஜமான தாகம்.

கரிசல்காட்டான் | மே 6, இரவு 9:30

இப்போது ஐந்து நாளைக்கு ஒரு தடவை, கரண்ட் வந்ததும் காலையிலேயே. மத்தியானம் இன்னமும் கொஞ்சம் தொங்கத்தான் செய்கிறது. புது இலை மஞ்சள் இல்லை. பூ கூடியிருக்கிறதா என்று கேட்காதீர்கள், இந்த வாரம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை இறங்கிக் கிடக்கிறது, எடைபோடவே மனசில்லை.

கொடிக்கால்காரர் | மே 6, இரவு 9:41

மேல் ஓரத்தில் நாலு வரிசை அகத்தி போடு தம்பி. ஆடிக்குள்ள தலை தூக்கிரும். கீரையும் விக்கலாம்.

மாடித்தோட்டம் அக்கா | மே 7, மாலை 4:35

என் மாடியில் ரணகள்ளி இருக்கிறது. கட்டிப்போட்டால் குட்டி போடும் என்பார்களே, அதேதான். இன்று காலை 6 மணிக்கு ஒரு ஓரம் கிள்ளி மென்று துப்பினேன். புளிச்சக்கீரை தோற்றது, பல் கூசியது. இப்போது நாலரை மணிக்கு அதே செடியில் பக்கத்து இலை. வெறும் பச்சைத் தண்ணீர், அடியில் லேசாகக் கசப்பு. வீட்டுக்காரர் இரண்டு தடவையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது தடவைதான் கேட்டார், "உப்பு வேணுமா?"